கெட்டிமேளத்துக்குச் சற்று முன்

வினிதாவுக்கு வலது காதுக்கு முன்னால், தாடை மூட்டில் வலி தொடங்கி மூன்று மாதமாகியிருந்தது. வாயைத் திறந்தால் 'டக்'கென்று ஒரு சத்தம். சப்பாத்தியை மெல்ல முடியாமல் ரசம் சாதத்தைக் கரைத்து விழுங்கினாள். ஆனால் சாக்ஸபோனை எடுத்துவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல இரண்டு மணி நேரம் வாசிப்பாள்.

மைசூர் குவெம்புநகரில் பல் டாக்டர் மேதா, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

"மவுத்பீஸை ரொம்பக் கடிச்சு வாசிக்கறீங்க. தூக்கத்துலயும் பல்லைக் கடிக்கறீங்க. ஆறு வாரம் வாத்தியத்தைத் தொடவேண்டாம்."

"கல்யாண சீசனுங்க டாக்டர். முடிஞ்சதும் நிறுத்திக்கறேன்."

"அதுவரைக்கும் தாங்காது, நோடி, பாருங்க. மூட்டு சிக்கிக்கிட்டா வாய் திறக்கவே வராது."

இதை வினிதா யாரிடமும் சொல்லவில்லை. ஹனூரிலிருந்து மைசூருக்கு வந்து, பெண் வாசிக்கிறாளா என்று முகம் சுளித்தவர்கள் நடுவில் பதினைந்து வருடம் வாசித்து, ஒரு குழுவுக்குத் தலைமையாகியிருந்தாள். பக்கத்தில் இரண்டாம் சாக்ஸபோன் நிர்மலா. எட்டு வருடமாகப் பின்தொடர்ந்தே வாசிப்பவள், வாசிப்பில் கைதேர்ந்தவள். ஒருநாள் முன்னால் விட்டால் அப்புறம் ஊர் அவளைத்தான் கேட்கும் என்று வினிதாவுக்குப் பயம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதிபுரத்தில் ஒரு கல்யாணம். ஒன்பதரைக்கு முகூர்த்தம். ஏழு மணியிலிருந்து வாசித்ததில் வலி கன்னம் ஏறி நெற்றிப்பொட்டில் குத்திக்கொண்டிருந்தது. மணமக்களுக்கு நடுவே திரைத்துணியைப் பிடித்தார்கள். வினிதா கல்யாணி ராகத்தில் மேலே போனாள்.

தாடை ஒருபக்கமாக நழுவியது. உதட்டோரம் காற்று கசிந்து, சாக்ஸபோன் கீச்சென்று கத்தியது.

முன்வரிசையில் நான்கைந்து தலைகள் திரும்பின. தவில்காரர் கருப்புசாமி அடியைக் குறைக்காமலே அவளைப் பார்த்தார். வினிதா மறுபடி கடித்தாள். கண்ணில் நீர் முட்டியது, ஸ்வரம் வரவில்லை. மேடையில் தாலித் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் இருக்கலாம், அதுகூட இல்லாமலும் இருக்கலாம். கெட்டிமேளத்தில் இப்படிக் கீச்சிட்டால் அந்த வீட்டார் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்தாள். "நீ வாசி" என்று சொல்ல நினைத்தாள். வாய் ஒரு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. நிர்மலாவின் முழங்காலைத் தட்டி, மேல் ஸ்தாயிக்குப் போ என்று கை காட்டினாள்.

நிர்மலாவுக்குப் புரியவில்லை. இந்த எட்டு வருடத்தில் அந்தக் கை அவளை அடக்கத்தான் நீண்டிருக்கிறது. வினிதா இன்னொரு முறை, அழுத்தித் தட்டினாள்.

"கட்டிமேளா, கட்டிமேளா" என்று புரோகிதர் கையை உயர்த்தினார்.

நிர்மலா மேல் ஷட்ஜத்தைப் பிடித்தாள். தவில் இடித்தது. அட்சதை பறந்தது. வினிதா சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு தாளம் போட்டாள்.

பந்திக்குப் போகாமல் பின்கட்டில் உட்கார்ந்திருந்தவளிடம், சமையலறையிலிருந்து ஐஸ்கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தாள் நிர்மலா.

"ஏனுங்கக்கா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதுங்களா? மூணு மாசமா நீங்க மெல்லாம முழுங்கறதைப் பார்த்துக்கிட்டுத்தான இருக்கேன்."

வினிதா பல்லைத் திறக்காமலே சொன்னாள். "சொன்னா... என் இடத்துக்கு நீ வந்துருவேன்னு."

நிர்மலா இல்லையென்று மறுக்கவில்லை. "ஆசை இல்லாம இருக்குங்களா? அதுக்காக உங்க வாய் போகோணும்னு நினைப்பனா?"

அடுத்த நாளே வினிதா மேதாவிடம் போனாள். இரவில் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு, வெந்நீர் ஒத்தடம், கண்ணாடி முன் நின்று தாடையை நேராகத் திறக்கும் பயிற்சி. குழுவுக்கு வந்த அழைப்புகளை நிர்மலாவிடம் கொடுத்தாள். முதல் இரண்டு வாரம் மண்டபம் இருக்கும் தெருக்களில்கூட நடக்கவில்லை.

எட்டாவது வாரம் மேல்கோட்டையில் ஒரு கிரகப்பிரவேசம். இரண்டாமவளின் இடத்தில் வினிதா உட்கார்ந்தாள். மவுத்பீஸில் மெல்லிய நாணல் ரீட், கடிக்காத பிடி. சத்தம் முன்பிருந்ததில் பாதிகூட இல்லை. நிர்மலா நாட்டை ராகத்தைத் தொடங்க, வினிதா கீழ் ஸ்தாயியில் ஒட்டி வாசித்தாள். பத்து நிமிடம் கழித்துக் காதுக்கு முன்னால் லேசாகத் துடிக்க ஆரம்பித்தது.

இன்னும் கொஞ்சம் வாசிக்கலாம் என்றுதான் இருந்தது. வாத்தியத்தை இறக்கி வைத்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவளுக்கு வலிக்கவும் செய்தது, நிம்மதியாகவும் இருந்தது.