முதன்மைக்கு ஒரு வாக்கியம்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு காரின் பின்கண்ணாடியை மட்டும்தான். பல்கலைக்கழக வாகன நிறுத்தத்தில், மார்ச் மாதப் பனிச்சேற்றில் நின்றது. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரின் மேல்பாதியைச் சுரண்டியிருந்தார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே இருந்திருக்கும். கீழே 'அம்மா' மட்டும் மிச்சம்.

பிள்ளைக்கு இடம் கிடைத்த பிறகு பெற்றோர் காரில் பெருமையாக ஒட்டுவது அது. இந்த அம்மா முன்பே ஒட்டிவிட்டாள் போலிருக்கிறது.

[அவளுக்குப் பெயர் வேண்டும். கொரின் ஹால்டர்சன். இருக்கட்டும்.]

2

முதல் தொடக்கம்: 'எங்கள் மாநிலத்தில் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏழு. அவற்றில் முதன்மையானது எது என்பதை'

கட்டுரை மாதிரி இருக்கிறது. விட்டுவிட்டேன்.

இரண்டாவது: கொரின் பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவில் எழுதுபவள். 'மாநிலத்தின் முதன்மைப் பல்கலைக்கழகம்' என்று பதினோரு ஆண்டுகளாக எழுதிவருகிறாள். யார் தந்த பட்டம் என்று யாரும் கேட்டதில்லை. சென்ற ஆண்டு தெற்கிலிருக்கும் பல்கலைக்கழகமும் அதே சொல்லைப் போட்டுக்கொண்டது. சண்டை சட்டமன்றக் குழுவுக்குப் போனது. எந்த அடிப்படையில் நீங்கள் முதன்மை? இரு தரப்பும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள். பிறகு ஒருவருக்குத்தான் அந்தச் சொல்.

3

"பழமையானதுன்னு போடலாமா?" என்று மேலாளர் வெண்டலிடம் கேட்டாள்.

"அவங்க நம்மளவிட ரெண்டு வருஷம் மூத்தவங்க, கொரின்."

"ஆராய்ச்சி?"

"குழுவுல பாதிப் பேரு சோளம் போடறவங்க. கொட்டாவி விடுவாங்க."

"அப்ப ஃபுட்பால்னே போட்டுடறேன்."

"போன சீசனைப் பாத்துட்டுமா இப்படிப் பேசறீங்க?" வெண்டல் சிரிக்கவில்லை. "இது மாநிலத்துப் பிள்ளைங்களோட பல்கலைக்கழகம்னு எழுதுங்க. யாரு மறுத்துப் பேசுவா?"

கொரின் தட்டத் தொடங்கினாள். 'இந்த மாநிலத்தில் நன்றாகப் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது'

நிறுத்தினாள். அவள் மகள் பிரிட்டா நன்றாகப் படிக்கிறவள். இடமில்லை என்று பத்து நாள் முன்னால்தான் பதில் வந்திருந்தது.

[வெண்டலுக்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் கொடியவர். தெரியாவிட்டால் பாவம். இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். அவர் பேச்சில் ஒரு சொல்லும் மாறவில்லை.]

4

வியாழன் மாலை, கார் கொட்டகையில் கொரின் பிளேடால் ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிரிட்டா அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோல் தட்டோடு வந்து நின்றாள்.

"கண்ணாடி கீறிடும்மா. யாரு உன்ன டிசம்பர்லயே ஒட்டச் சொன்னது?"

"கண்டிப்பா கிடைக்கும்னு நெனச்சேன்டி."

"நான் பொறந்த அன்னிக்கே இந்தப் பல்கலைக்கழகக் கலர் ஸ்வெட்டர மாட்டி போட்டோ எடுத்தவதானே நீ!"

கொரின் போனை நீட்டினாள். பாதியில் நின்ற அந்த வாக்கியத்தைப் பிரிட்டா படித்தாள்.

"உங்க பல்கலைக்கழகத்துல நம்ம மாநிலத்துப் பசங்க எத்தனை பேரு?"

"பாதிக்குக் கொஞ்சம் மேல. வெளிமாநிலத்துப் பிள்ளைங்க நெறைய ஃபீஸ் கட்டறாங்க. அதுலதான் உன்ன மாதிரிப் பிள்ளைங்களுக்குக் கட்டணம் குறையுது."

"என்ன மாதிரியா? நான் எங்க உள்ள இருக்கேன்மா?"

கொரின் மறுபடி சுரண்டினாள்.

"தெக்குலதான் எனக்கு இடம் குடுத்திருக்காங்க. அவங்களும் இதையேதான் எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க."

"அப்ப நீ நல்லா எழுதினா என் காலேஜ் தோத்துடும்."

பிளேடு நின்றது.

"கீழ இருக்கறத விட்டுடும்மா," என்றாள் பிரிட்டா. "அது எந்தக் காலேஜுக்கும் பொருந்தும்."

5

முடிவுகள்.

(அ) வெண்டல் சொன்னதையே எழுதுகிறாள். அவர் கைகுலுக்குகிறார். அவள் கையைக் கழுவப் போகிறாள். [மிகை.]

(ஆ) 'எங்களுக்குத் தெரியாது' என்று அனுப்பிவிடுகிறாள். [எனக்கு இது பிடித்திருக்கிறது. அவளைத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள்.]

(இ) வேண்டுமென்றே மோசமாக எழுதுகிறாள். [பதினோரு ஆண்டுப் பழக்கம். அவளால் முடியுமா?]

எது முதன்மை என்று எனக்கும் பிடிபடவில்லை. மூத்ததா, பெரியதா, உள்ளே விடுவதா, வெளியே நிறுத்துவதா?

தொடக்கத்தில் ஒன்றை மறைத்தேன். காரின் பின்னிருக்கையையும் பார்த்தேன். தெற்குப் பல்கலைக்கழகத்தின் ஸ்டிக்கர், உறை பிரிக்காமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை, நான்கு மணிக்கு இன்னும் எட்டு நிமிடம். இதுவரை அவள் எழுதியதைத் தருகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். பிரிட்டா அதைப் படிப்பாள் என்பதை மட்டும் மறந்துவிட வேண்டாம்.

'ஒரு பல்கலைக்கழகம் தன் மாநிலத்துக்கு முதன்மையாவது, அது