திரண்ட கை

என் வீட்டுக்காரர் ராசுவின் வலது கையைப் பார்க்கிறவர்களுக்குப் பொறாமை வரும். தோளுக்குக் கீழே சதை மாங்காய் அளவுக்குத் திரண்டு நிற்கிறது. கோயில் திருவிழாவில் சட்டையில்லாமல் நின்றபோது, ஜிம்முக்குப் போறனீங்களோ அண்ணை என்று இளந்தாரிகள் பகிடி விட்டார்கள். அந்தக் கையால் ஒரு போத்தல் மூடியைக்கூட இறுக்கி மூட முடியாது என்பது எனக்குத்தான் தெரியும். வாளியில் தண்ணீர் தூக்கினால் பாதியிலேயே கை நடுங்கத் தொடங்கிவிடும்.

மாரிமழையோடு விதைக்கிற காலபோக நெல்லின் அறுவடை நேரம் நடந்தது அது. அக்கராயன் குளத்துக்குக் கீழே கனகலிங்கத்தின் வயல். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தது, நாங்கள் எழுபத்தேழு கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு ஓடிவந்தவர்களின் பிள்ளைகள். காணி அவர்களுக்கு, மூட்டை எங்களுக்கு. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்கிறேன், ராசு அந்த வீட்டு நெல்லைத்தான் சுமக்கிறார்.

மூட்டை ஏற்றும் லான்ட்மாஸ்டரை, அந்த இரண்டு சக்கர உழவு மிசினை, கம்பியைக் கொளுவிக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். சுழற்றும்போது எஞ்சினின் இறுக்கத்தைத் தளர்த்திவிட ஒரு சின்ன நெம்பு இருக்கும், அது இல்லாவிட்டால் கம்பி திருப்பி அடிக்கும். அது உடைந்து இரண்டு போகமாகியிருந்தது. ராசு எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். ராசுவின் கை இருக்கும்போது நெம்பு எதற்கு என்று கனகலிங்கம் சிரித்தார். அன்று காலை கம்பி திருப்பி அடித்தது. மடித்திருந்த கையை ஒரே வெட்டில் நிமிர்த்திவிட்டது. டொக் என்று ஒரு சத்தம் கேட்டது, எஞ்சினில் ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் பக்கத்தில் நெல் கூட்டிக்கொண்டிருந்த நான் நினைத்தேன். ராசு முழங்கையைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது சதை மேலே ஏறித் திரண்டு நின்றது.

கனகலிங்கத்தின் தகப்பன் பெயர்போன முறிவு நெரிவு வைத்தியர். எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அவரிடம் பச்சிலை அரைத்த புக்கை கட்டிக்கொண்டு போவார்களாம். அவர் செத்தபிறகு மகனுக்கு மிஞ்சியது வாசல் பெயர்ப்பலகையும் எண்ணெய்ப் போத்தலும்தான். கைராசி வரவில்லை. ஆனால் ஊர் அந்த வீட்டு வாக்கை இன்னும் நம்புகிறது. எங்களுக்கு நம்பாமலிருக்க வழியுமில்லை, கூலி தருகிறவரும் அவரே வைத்தியரும் அவரே. அன்று கதிரையை விட்டு எழும்பாமல், முற்றத்தில் நின்ற ராசுவின் கையை அங்கிருந்தே பார்த்தார்.

“நரம்பு பிரண்டிருக்கு. வேறை ஒண்டுமில்லை. இரவிலை மேலையிருந்து கீழை உருவி இறுக்கிக் கட்டு. நாளைக்கு வேலைக்கு வரலாம்.”

அவர் மனைவி கமலாசனி படியில் நின்றபடி நோவெண்ணெயை என் கையில் ஊற்றினார். போத்தலைத் தரவில்லை.

அறுவடை முடியும்வரை ஒவ்வொரு இரவும் நான் அந்தத் திரட்சியைக் கீழே உருவினேன். ராசு பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். கையை எடுத்தால் அது வழுக்கிக்கொண்டு திரும்ப மேலே போய்விடும். விடிந்ததும் கட்டிய கையோடு மூட்டைக்குப் போவார். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் கேட்டபோதெல்லாம், நெல் முழுக்க ஏறட்டும் என்று சொல்லியனுப்பினார் கனகலிங்கம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகி, நெல் ஏறி முடிந்தபிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஒரு பெண். ராசுவின் இடது முழங்கையை மடிக்கச் சொல்லி, மடிப்பில் என் விரலைக் கொக்கி மாதிரிக் கொளுவ வைத்தார். உள்ளே முறுக்கிய கயிறு மாதிரி ஒன்று விரலில் தட்டுப்பட்டது. வலது கையிலும் அதேபோலச் செய்யச் சொன்னார். விரல் சும்மா உள்ளே போனது. கொளுவ ஒன்றுமே இல்லை.

“இதுதான் தசைநாண், அம்மா. தசையை எலும்போடை கட்டியிருக்கிற கயிறு. கனகாலம் பாரம் இழுத்து ஏற்கெனவே நைஞ்சிருக்கும், ஒரு வெட்டிலை அறுந்திட்டுது. கயிறு அறுந்தா தசை சுருண்டு மேலை போயிடும். அதுதான் இந்தத் திரட்சி. ரெண்டு கிழமைக்குள்ளை, பதினாலு நாளுக்குள்ளை வந்திருந்தா இழுத்துத் தைச்சிருக்கலாம். இப்ப சுருங்கி அங்கையே ஒட்டிட்டுது. ஏன் இவ்வளவு நாளும் வச்சிருந்தனீங்கள்?”

ஏன் வைத்திருந்தோம் என்று எங்களைத்தான் எப்போதும் கேட்பார்கள். பாரம் தூக்கவே கூடாது, மற்றக் கையையும் கவனமாகப் பாருங்கள், அந்தக் கயிறும் இவ்வளவு காலம் இழுத்ததுதான் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

கோடையில் குளத்துத் தண்ணீரில் விதைக்கிற சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் கட்டுகிற வேலையைக் கேட்போம் என்று முடிவெடுத்தோம். மண்வெட்டியை இடது கையால் சமாளிக்கலாம் என்றார் ராசு. அதுவும் இல்லையென்றால் எங்களுக்கு அடுப்பு எரியாது. போனபோது கனகலிங்கத்தின் பக்கத்தில் ஒரு நெல் வியாபாரி இருந்தார். டாக்டர் சொன்னதை ராசு ஒவ்வொன்றாகச் சொன்னார். கனகலிங்கம் அவரிடம் பேசாமல் வியாபாரியின் பக்கம் திரும்பினார்.

“கையைப் பாருங்கோ. முந்தியை விடத் திரண்டு கிடக்கு. இவனுக்குத் தண்ணி கட்டுற வேலை வேணுமாம்.”

எனக்குப் பொறுக்கவில்லை.

“கிட்ட வந்து தொட்டுப் பாருங்க ஐயா. மடிப்புல விரலை வச்சுப் பாருங்க. உள்ள ஒண்ணும் இல்ல.”

அவர் கை கதிரைப் பிடியை விட்டு அசையவில்லை. அடிபட்ட அன்றும் தொடவில்லை, இப்போதும் தொடவில்லை. தொட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பின்வளவில் லான்ட்மாஸ்டர் இருமியது. தர்மபுரத்திலிருந்து புதிதாக எடுத்த ஆள், மூன்று பிள்ளைகளின் தகப்பன், கம்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். நெம்பு இன்னும் உடைந்தபடியே இருந்தது. கம்பி ஒருமுறை திருப்பி உதைத்தது, அவன் மயிரிழையில் தப்பினான். மறுபடியும் கம்பியைப் பிடித்தான். ராசு ஓடினார். அவனைத் தள்ளிவிட்டு, கம்பி திருப்பி அடித்தால் முறியாதபடி பெருவிரலை வெளியே வைத்து இடது கையால் கம்பியைப் பிடித்து, உடம்பு முழுவதையும் கொடுத்து ஒரே சுழற்றில் ஸ்டார்ட் பண்ணிவிட்டார்.

கனகலிங்கம் வியாபாரியைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தீங்களோ. நான் சொன்னனான்தானே, ஒண்டுமில்லை எண்டு. டேய் ராசு, விடிய ஆறு மணிக்கு வா. விதைநெல் மூட்டை இறக்கக் கிடக்கு. மிசினும் இனி உன்ரை பொறுப்பு.”

“சரிங்கையா” என்றார் ராசு.

கனகலிங்கத்தின் மேல் எனக்குள்ள கோபம் பழையது. அன்றைக்கு, சரி சொன்ன இவர் மேலும் வந்தது. வேலை கிடைத்துவிட்டதே என்கிற நிம்மதியும் கூடவே வந்தது, அதுதான் எனக்குப் பெரிய வெட்கம். வீட்டுக்குக் குளக்கட்டால் வரும்போது ராசுவின் இடது முழங்கை மடிப்பில் விரலைக் கொளுவிப் பார்த்தேன். கயிறு இருந்தது. அதைத்தான் விடிய ஆறு மணிக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.