கடைசிப் பக்கத்து நாலு வரி

சீருடைச் சட்டையின் பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது ஓவியா கேட்டாள்.

“பெரியம்மா, தீபாவளி முடிஞ்சா சீசன் முடிஞ்சிரும்ல?”

“ம்.”

“அப்ப அம்மா வந்திரும்ல?”

“ம்,” என்றாள் கற்பகவல்லி. கடைசிப் பட்டன் பிய்ந்து போயிருந்தது. தன் சேலையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி அங்கே குத்திவிட்டாள்.

ஓவியாவின் அம்மா மாரித்தாய் இறந்து பதினாறு மாதம் ஆகிறது. பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறை வெடித்தபோது உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி கற்பகவல்லியின் தங்கை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெட்டியைத் திறக்காமலேயே காரியத்தை முடித்தார்கள். பிள்ளையை அன்றைக்குச் சாத்தூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் கூட்டி வந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, அம்மா எங்கே என்பது. வீடு நிறைய ஆள் இருந்தது. கற்பகவல்லிதான் சொன்னாள்: “வெளியூர்க் கம்பெனிக்குப் போயிருக்கா. சீசன் முடிஞ்சு வருவா.”

வேறெந்த ஊராக இருந்தாலும் சாமிகிட்டப் போயிருக்கா, நட்சத்திரமாகிட்டா என்று எதையாவது சொல்லியிருப்பார்கள். ஏழாயிரம்பண்ணையில் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே சீசன் தெரியும். சீசனில் அம்மாக்கள் இருட்டின பிறகுதான் வருவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் போவார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் வேனிலிருந்து கையில் இனிப்புப் பெட்டியோடு இறங்குவார்கள். அதனால் ஓவியா அந்த வார்த்தையை அப்படியே நம்பிவிட்டாள். தெருவும் அதைக் காப்பாற்றியது. கடைக்காரர், வேன் டிரைவர், பக்கத்து வீட்டில் ஓவியாவோடு விளையாடும் பிரீத்திகா வரை யாரும் மாற்றிச் சொல்லவில்லை. போன தீபாவளிக்கு முந்தின நாள் பிள்ளை சாயங்காலம் முழுக்க வேன் நிற்கும் இடத்தில் நின்றது. “இந்த வருசம் ஆர்டர் ஜாஸ்தி. அடுத்த சீசனும் பாத்திட்டு வரச் சொல்லிட்டாக,” என்று கற்பகவல்லி சொன்னாள். அதையும் நம்பியது.

பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைக் கடித்தால் வலிக்காது. கடித்தது மட்டும் தெரியும். இந்தப் பதினாறு மாதமும் கற்பகவல்லிக்கு அப்படித்தான் கழிந்தது. அங்கன்வாடிக்குப் போனாள், பிள்ளைகளுக்கு எடை பார்த்தாள், முட்டை உரித்தாள். ஓவியாவின் அப்பா தங்கப்பாண்டியன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போவதாகச் சொன்னபோது சரி என்றாள். பிள்ளை உன்னிடமே இருக்கட்டும் என்றபோதும் சரி என்றாள். கல்யாணத்துக்கு வந்த ஒரு வரனை அதே மாதிரி வேண்டாம் என்றாள். எதிலும் கூடுதலாகவோ குறைவாகவோ ஒன்றும் இல்லை.

பாட்டு கூட அந்த மாதிரிதான் வந்தது. பிள்ளை தூங்காது. கதை சொன்னால் கேள்வி கேட்கும். கேள்வி எங்கே போய் நிற்கும் என்று கற்பகவல்லிக்குத் தெரியும். பாட்டில் கேள்விக்கு இடம் இல்லை. அதனால் வாயில் வந்ததை அடுக்கினாள்.

*மூடி வைத்த பெட்டிக்குள்*
*முப்பது குச்சி தூங்குது*
*ஓடிக் களைத்த வேனுமே*
*ஓரமாகத் தூங்குது*

*வேலிக் கருவை தூங்குது*
*வெள்ளை ஆடும் தூங்குது*
*தாளில் சுற்றிய மத்தாப்பும்*
*தலையைச் சாய்த்துத் தூங்குது*

விருதுநகரில் நடந்த அங்கன்வாடிப் பயிற்சியில் ஆளுக்கொரு பாட்டுப் பாடச் சொன்னபோது இதைப் பாடினாள். மதுரையில் சிறுவர் புத்தகம் போடுகிற அன்பரசன் அன்றைக்கு அங்கே வந்திருந்தார். இதைப் படப் புத்தகமாகப் போடலாம் என்றார். சரி என்றாள். சில மாதம் கழித்துப் போனில் கூப்பிட்டு, “கடைசில நீயும் தூங்குன்னு மொட்டையா முடியுது. படுக்கப் போற பிள்ளைக்கு ஒரு தைரியம் வேணும்ல? அம்மா வரட்டும்,” என்றார். சரி என்றாள். முட்டை வேகிற நேரத்தில் நாலு வரி எழுதி அனுப்பினாள்.

*சேலை நுனியில் முகம் துடைத்துச்*
*செல்லம் கொஞ்சும் அம்மாதான்*
*வேலை முடிந்து வந்துவிட்டாள்*
*விளக்கை அணைத்துத் தூங்கலாம்*

பிரமாதம் என்று பதில் வந்தது. படங்களும் போனில் வந்தன. கட்டை விரல் அளவில் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று அனுப்பினாள்.

புத்தகம் திருத்தங்கல்லில் அச்சாகிறது, நீங்கள் பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், முதல் தாளைப் பார்த்து ஒரு கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று அன்பரசன் நேற்றுச் சொல்லியிருந்தார். ஓவியாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, கற்பகவல்லி பதினோரு மணிக்கு அச்சகத்துக்குள் நுழைந்தாள்.

மிஷின் மேஸ்திரி அய்யாதுரைக்கு ஏழாயிரம்பண்ணைதான் சொந்த ஊர். மேல்தெருக்காரர்.

“வாங்க டீச்சர். எழுத்தாளரம்மா வாராகன்னு காலையிலயே நாற்காலியத் தொடச்சுப் போட்டாச்சு. டீ சாப்பிடுவீகளா?”

“வேண்டாண்ணே.”

“சரவெடி டப்பாவுக்கு லேபிள் ஓடிக்கிட்டிருந்துச்சு. அத நிப்பாட்டிட்டு உங்களுத ஏத்தியிருக்கேன். லேபிள்காரன் போன் மேல போன் போடுறான். பிள்ளைக தூங்குறதுக்குப் பொஸ்தகம்யா, கொஞ்சம் சத்தம் போடாம இருன்னு சொல்லிட்டேன்.” அவரே சிரித்துக்கொண்டார்.

பெரிய தாள் ஒன்றை மேசையில் விரித்தார். மை இன்னும் காயவில்லை. ஒரே தாளில் எட்டுப் பக்கம். பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருந்தன. மடித்தால் வரிசையாகிவிடும் என்றார். முதல் பக்கத்தை ஒட்டியே கடைசிப் பக்கம் இருந்தது. வாசலில் ஒரு பெண், கையில் சோத்து வாளி, முகத்தில் சேலை நுனி. பாயில் படுத்திருக்கும் பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

“தங்கச்சி மக எப்படி இருக்கு டீச்சர்?”

“இருக்கா.”

“இன்னும் சீசன்னுதான் சொல்லி வச்சிருக்கீகளா?”

“ம்.”

“பாவம். சின்னது, அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்குத் தகுந்த மாதிரியே கடைசிப் பக்கத்தப் போட்டுட்டீகளே, நான் படிச்சிட்டு அதத்தான் நெனச்சேன். இத வாசிச்சுக் காட்டுனா இன்னும் கெட்டியா நம்பிக்கிரும்.”

அவர் அதை நல்ல மனதோடுதான் சொன்னார். பேனாவையும் எடுத்து நீட்டினார்.

கற்பகவல்லி பேனாவை வாங்கினாள். அவள் அந்த நாலு வரியை எழுதியபோது ஓவியாவை நினைக்கவே இல்லை. யாரையுமே நினைக்கவில்லை. சேலைக்கு வேலை எதுகை, செல்லத்துக்கு சேலை மோனை, அவ்வளவுதான். இப்போது அந்தத் தாளைப் பார்க்கையில், தான் வாயால் சொல்லி வைத்ததைத் தானே படம் போட்டு, பெயர் போட்டு, அட்டை கட்டிப் பிள்ளையின் கையில் கொடுக்கப்போவது தெரிந்தது. வாயால் சொன்னது ஒரு நாள் மறந்துபோகலாம். இதைப் பிள்ளை தினமும் எடுத்துப் பார்க்கும். தீபாவளிக்கு முந்தின நாள் வேன் நிற்கும் இடத்துக்கு இதைத் தூக்கிக்கொண்டு போகும்.

பயமோ துக்கமோ வரவில்லை. வலிக்காத உதட்டில் ரத்தம் வருவதைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல, பார்த்தாள்.

“அண்ணே, இந்தப் பக்கத்த மாத்தணும்.”

அய்யாதுரை தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “கலர் சரியில்லையா?”

“அம்மா வரக்கூடாது.”

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் படத்தின் மேல் வட்டம் போட்டார். “இந்தப் பொம்பளயத் தூக்கணும்னா நாலு கலர் பிளேட்டும் புதுசா போடணும். இன்னைக்கு ஆகாது. இந்த வாரமே ஆகாது. எழுத்து மட்டும்னா அது கருப்புல இருக்கு. கருப்பு பிளேட்டு ஒண்ணப் போட்டாப் போதும். ஆனா மதுரைக்காரரு சொல்லணும்.”

போனில் அன்பரசன் முதலில் சிரித்தார், பிறகு சிரிக்கவில்லை.

“மேடம், தூங்க வைக்கிற புத்தகம் இது. எல்லாப் பிள்ளைக்கும் அம்மாதானே வேணும்?”

“வேணும் சார். எங்க அங்கன்வாடியில நாலு பிள்ளைக்கு இல்ல.”

“அது சரி. ஆனா வாங்குறவங்க...”

“அப்ப எம் பேர எடுத்திருங்க.”

பக்கத்தில் நின்ற அய்யாதுரை குனிந்து போனுக்குள் சொன்னார்: “பேர எடுக்க முடியாது சார். அட்டை நேத்தே ஓடிருச்சு.”

அன்பரசன், “அரை மணி நேரத்துல வரி அனுப்புங்க,” என்று வைத்துவிட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வீணான லேபிள் தாளின் பின்பக்கத்தில் எழுதினாள். படம் மாறாது. வாசலில் ஒரு பெண் வரத்தான் வேண்டும். அவள் யார் என்பதை மட்டும்தான் சொல்ல முடியும். *யாரு அங்கே வாசலில்* என்று எழுதினாள். அடுத்த வரி தானாக வந்தது: *என்றும் இருப்பாள் பெரியம்மா.* அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்றும் என்ற வார்த்தையை ஏழாயிரம்பண்ணையில் இருந்துகொண்டு யார் எழுத முடியும்? அந்த வரியை அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு இருபது நிமிஷம் ஒன்றும் வரவில்லை. லேபிள்காரரின் போன் இரண்டு தடவை அடித்தது. அய்யாதுரை மிஷினைத் துடைப்பதுபோல நின்று நேரம் கடத்தினார்.

*யாரு அங்கே வாசலில்?*
*இதோ வந்தாள் பெரியம்மா*
*பாரு, கையைப் பிடித்துக்கொள்*
*படுத்துத் தூங்கு கண்ணம்மா*

இரண்டு மணிக்குப் புதுத் தாள் வந்தது. கையெழுத்துப் போட்டாள். ஒரு தாளைச் சுருட்டி வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் முழு வழியும் என்ன சொல்வது என்று யோசிக்கப் பார்த்தாள். வார்த்தைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. எதுவும் அவளுடையதாகத் தெரியவில்லை. சாத்தூர் தாண்டியதும் யோசிப்பதை விட்டுவிட்டாள்.

நாலரை மணிக்கு வீட்டுத் தரையில் தாளை விரித்தாள். தலைகீழாக இருந்த பக்கங்களைப் பார்க்க ஓவியா தாளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆட்டைத் தொட்டாள், வேனைத் தொட்டாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் மண்டி போட்டு உட்கார்ந்தாள்.

“இது அம்மாவா?”

கற்பகவல்லி வரிகளை வாசித்தாள்.

“பெரியம்மான்னு இருக்கு,” என்றாள் ஓவியா.

“ஆமா.”

“அம்மா எப்ப வரும்?”

“அம்மா வர மாட்டா, கண்ணு. சீசன்னு நான் சொன்னது பொய். கம்பெனி வெடிச்சதுல அம்மா செத்துப் போயிட்டா. அன்னைக்கே செத்துப் போயிட்டா.”

சொல்லி முடித்தபோது தன் குரல் எடை பார்க்கும்போது கிலோ சொல்கிற குரலாகவே இருந்ததைக் கவனித்தாள். பிள்ளை அழும், அடிக்கும் என்று கைகளை மடியில் தயாராக வைத்திருந்தாள். ஓவியா அழவில்லை. சட்டையில் குத்தியிருந்த ஊக்கைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“வேன் மாமாவுக்கு?”

“தெரியும்.”

“கடைத் தாத்தாவுக்கு?”

“அவருக்கும் தெரியும்.”

“பிரீத்திகாவுக்கு?”

கற்பகவல்லிக்கு இதற்குத்தான் கஷ்டமாக இருந்தது. “தெரியும்.”

“எனக்கு மட்டுந்தான் தெரியாதா?”

“ஆமா.”

ஓவியா எழுந்தாள். தாளின் மேலேயே நடந்து வாசலுக்குப் போனாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். பக்கத்து வீட்டுக் கதவைக் கையால் அடிக்கும் சத்தம் கேட்டது.

“ஏ பிரீத்திகா! வெளிய வாடீ! எங்கம்மா செத்துப் போச்சு! எனக்கும் தெரியும்!”

குழாயடியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ, “ஏ புள்ள, இங்கன வா, இங்கன வா,” என்றார்கள்.

“எனக்கும் தெரியும்!” என்று மறுபடியும் கத்தினாள் ஓவியா. அந்தக் குரல் பாதியில் உடைந்தது.

கற்பகவல்லி தன் கண்ணிலும் ஏதாவது வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து, பிள்ளையைத் தூக்க வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள்.