கீறின மெத்தை

எனக்கு அலுத்துவிட்டது. மூன்று வருடத்தில் கண்டியில் இது நான்காவது அறை. அரசாங்கக் கந்தோரில் வேலை இருந்தென்ன, யாழ்ப்பாண முகவரி போட்ட அடையாள அட்டைக்கு அறை கொடுப்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். றலியா அக்கா தன் வீட்டில் ஒன்று கொடுத்தார். நிபந்தனை ஒன்றுதான்.

"பொலிஸ் ஊட்டுக்கு வந்தா ரூம உட்டுரணும் புள்ள. எனக்கு கரச்சல் ஏலா."

வந்துவிட்டார்கள். புத்தரின் பல் வைத்திருக்கும் மாளிகையில் குண்டு வெடித்ததிலிருந்து எங்கும் சோதனை. அந்தத் திங்கட்கிழமை அக்கா கடுகண்ணாவையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். வந்தவர்கள் என் தேங்காய்த் தும்பு மெத்தையை ஐந்து இடத்தில் கீறி, கையை விட்டுத் துழாவினார்கள். தும்பு மெத்தையில் தும்பைத் தவிர என்ன இருக்கும்? பூட்டியிருந்த அக்காவின் அறையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் எல்லாவற்றையும் கூட்டியள்ளி, மெத்தையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பாயில் படுத்தேன். மறுநாள் திரும்பி வந்த அக்காவிடம் மூச்சு விடவில்லை. இன்னொரு அறை தேடி அலைய என்னால் முடியாது.

சனிக்கிழமை மாநகரசபை லொறி வந்தது. பழைய மெத்தைகளைச் சேர்த்து, தும்பை உலர்த்தி, புது மெத்தை செய்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அக்கா தொழும் நேரம் பார்த்து என்னுடையதை வாசலுக்கு இழுத்து வந்தேன். லொறியில் வந்த சுந்தரலிங்கம், மஹய்யாவ தொழிலாளர் குடியிருப்பு ஆள், கத்தியை எடுத்தார். உள்ளே ஈரமா என்று வெட்டிப் பார்த்துத்தான் ஏற்றுவார்களாம். மெத்தையைப் புரட்டியவர் கத்தியை மடக்கிவிட்டார்.

"இத நாம வெட்ட வேணாம்மா, அவங்களே வெட்டிட்டாங்க. இன்னைக்கு இது நாலாவது."

திரும்பினேன். பின்னால் றலியா அக்கா நின்றிருந்தார்.

பொய் சொல்லவும் தெம்பில்லை. "அக்கா, மாதம் முடியுமட்டும் விடுங்கோ. வேற அறை பாத்துப் போறன்," என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் நில்லுங்க தம்பி, இன்னொண்டு ஈக்கி," என்று சுந்தரலிங்கத்திடம் சொல்லிவிட்டு உள்ளே போய், தன் மெத்தையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ஏழெட்டுக் கீறல்.

"புதன்கிழம வந்தானுக, நீங்க கந்தோருக்குப் போன நேரம். பூட்டின ரூமப் பாக்கணுமாம். திங்கக்கிழம வந்த கதயும் அவனுகதான் சொன்னானுக."

மூன்று இரவாக ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் ஒளித்து, இருவரும் பாயில் கிடந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது.

"பிறகேன் என்னைப் போகச் சொல்லேல்ல?"

"நான் போகச் சொல்லத்தான் நெனச்ச." அக்கா மெத்தையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "நீங்களும் போனா, அடுத்த தடவ அவனுக வார நேரம் நான் தனிய ஈக்கணுமே, புள்ள."