சுவருக்குள் நின்ற தண்ணீர்

திண்டிவனம் லாட்ஜ் ஒன்றில் பதினெட்டு வருஷமாகக் குழாய் வேலை பார்க்கிற சவுரிராயனுக்கு ஆறு மாதமாக வயிற்றெரிச்சல். காரணம் கலைப்பிரியா. மயிலத்திலிருந்து பஸ் ஏறி வருகிற, நுண்ணுயிரியல் படித்த பெண். தண்ணீரைக் கிருமி அண்டாமல் பார்த்துக்கொள்ள முதலாளி தேவநாதன் அவளை வேலைக்கு வைத்திருந்தார். காலி அறைகளில் வாரந்தோறும் ஷவரைத் திறந்துவிடுவாள், ஹீட்டர் சூட்டை அளப்பாள். முன்பெல்லாம் "சவுரி, இங்க வாப்பா" என்ற முதலாளி, இப்போது எதற்கெடுத்தாலும் "பாப்பாவக் கேளு" என்கிறார். குழாயைத் திறந்து மூட ஒரு டிகிரியா என்று சவுரிராயன் பொருமினான்.

இந்த மாதப் பரிசோதனையில் இருநூற்று நாலாம் அறை ஷவரில் லெஜியோனெல்லா கிருமி இருந்தது. சாரலோடு மூச்சில் போனால் நிமோனியாவில் படுக்க வைக்கிற கிருமி. அவள் அறையைப் பூட்டினாள், தொட்டியைக் கழுவினாள், குளோரின் போட்டாள். மறுபடி சோதித்தால் மறுபடியும் அதே கிருமி.

சவுரிராயனுக்குக் காரணம் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் அங்கிருந்த பழைய ஹீட்டரை எடுத்தபோது, அதற்குப் போன குழாயைக் கழற்றச் சோம்பல்பட்டு, முனையை மட்டும் அடைத்து டைல்ஸ் ஒட்டியவன் அவன்தான். அதில் நிற்கிற தண்ணீர் அசைவதே இல்லை, குளோரினும் அங்கே எட்டாது. வாயில் கொழுக்கட்டை வைத்தவன் போல இருந்துவிட்டான். அவள் முகம் வாட வாட, ஒரு வாரம் அவனுக்கு டீ கூடுதலாக இனித்தது.

கிருமியை ஒழிக்கத் தெரியவில்லை என்று திங்கட்கிழமை முதலாளி அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

பையை மாட்டிக்கொண்டு அவள் அவனிடம் வந்தாள். "அண்ணா, பூட்டி வெச்ச ரூம முதலாளி தொறக்கச் சொல்லிட்டாரு. விழுப்புரத்துலேர்ந்து ஒரு பெரியவரு வர்றாரு, நெஞ்சுச் சளிக்காரரு. ஷவர்ல குளிக்க உடாதீங்க."

தன் பிழைப்பே போகிறபோது எவரோ ஒரு கிழவரின் நெஞ்சைப் பற்றிக் கவலை. இதிலும் இவளே ஜெயிக்கிறாளே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினான். அவளும் பின்னாலேயே வந்தாள்.

டைல்ஸ் உடைந்தது. அடைப்பைத் திறந்ததும் பழுப்பாய், வழவழவென்று நாற்றத் தண்ணீர் வடிந்தது. சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார்.

"எப்படிப்பா கரெக்டா இங்க ஒடச்ச?"

"நான் அடைச்ச குழாய்ங்க. பாப்பா மேல தப்பு இல்ல."

கலைப்பிரியா பையைக் கீழே வைத்தாள். "ஒரு வாரமா தெரிஞ்சிக்கினே இருந்தீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவளோ குழாயை எந்த இடத்தில் வெட்டினால் தண்ணீர் தேங்காது என்று மட்டும் கேட்டாள். அவள் இடத்தில் அவன் இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பான். அந்த நிதானத்தைப் பார்த்தும் அவனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.