வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஒரு வரியும் கூடாது

வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான், அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது, திங்கட்கிழமைக்கும் வெள்ளிக்கிழமை என்று பேர் வைத்துவிட்டார்களா... சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்த்தார், வாய்விட்டே சொல்லிவிட்டாள் போல, சொன்னால் என்ன, அவருக்கும் வீட்டில் இப்படி ஒருத்தர் இருப்பார், சாத்திய கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டு இதெல்லாம் ஒரு கதவா என்று கேட்கிற ஒருத்தர். ஹெல்மெட்டுக்குள் வழிகிற வியர்வையைத் துடைக்க முடியாமல் மேனகா தலையை ஆட்டிக்கொண்டாள். லாஸ்பேட்டையில் வேலை பார்க்கிற கல்லூரி லேபில் மதியம் டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு போனைப் பார்த்தது தப்பு, பார்க்காமல் இருந்திருந்தால் புளிசாதமாவது தொண்டையில் இறங்கியிருக்கும். ஃப்ளோரான், தான் புதிதாக எழுதியதை எல்லாம் செயலிக்குள் சேர்த்துவிட்டார். காலையில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், ஃப்ரீஸ் அறிவித்து மூன்று நாள் ஆன பிறகு. அந்த அறிவிப்புக்குக் கீழே முதல் ஆளாகக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவரும் இதே ஃப்ளோரான்தான், அதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது. கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம் என்று நினைத்தார், மேனகா ஏதோ சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும் என்றா?

எத்தனை தடவை சொல்லியிருப்பாள், ரிலீஸ் என்பது வியாழக்கிழமை ஒரு பொத்தானை அமுக்குவது இல்லை, அதற்கு முன்னால் சில நாட்களுக்கு யாரும் எதையும் புதிதாகச் சேர்க்கக்கூடாது, இருக்கிறதைத் தட்டிப் பார்க்க வேண்டும், பழைய போனில் ஓடுகிறதா, வெயிலில் ஓடுகிறதா, பிழை இருந்தால் அதை மட்டும் திருத்த வேண்டும், அந்த சில நாட்களுக்குத்தான் ஃப்ரீஸ் என்று பேர். அவர்கள் செய்வது 'பலகை' என்று ஒரு செயலி, கண் தெரியாதவர்கள் வருகிற பஸ்ஸை நோக்கிப் போனைப் பிடித்தால் போர்டைப் படித்து வாயால் சொல்லும். இலவசம், கோட் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது, எழுதுகிறவர்கள் ஊருக்கு ஒருத்தராய் உலகம் பூராவும் இருக்கிறார்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆரம்பித்தது ஃப்ளோரான். புதிதாக எழுதுகிறவனுக்குக் கைதட்டல். 'இப்போது வேண்டாம், அடுத்ததில் பார்க்கலாம்' என்று சொல்கிறவளுக்கு என்ன, குரூப்பில் ஒருத்தன் பூட்டுப் படம் போட்டான், நாலு பேர் சிரித்தார்கள், வாட்ச்மேன் வேலை என்று நினைப்பு. சரி, வாட்ச்மேன்தான். வாட்ச்மேன் தூங்கிய அன்றைக்குத் திருடன் வந்தானா இல்லையா? போன வருஷம் ஃப்ரீஸுக்குப் பிறகு ஒரு புண்ணியவான் சின்ன மாற்றம்தானே என்று கெஞ்ச, உள்ளே விட்டதில், பலகை ஏழாம் நம்பர் பஸ்ஸை ஒன்று என்று படித்தது, அதை நம்பி கண் தெரியாத சிநேகிதி சரிதா வேறு பஸ்ஸில் ஏறி சேதராப்பட்டில் இறங்கினாள், தொழிற்பேட்டை, பக்கத்தில் பேச்சுக் குரல் கிடையாது, மழை வேறு... அந்த மழையில் அவள் அழுதுகொண்டு நின்றதை எத்தனை கூட்டத்தில் மேனகா சொல்லியிருக்கிறாள்.

அக்கா கல்யாணத்திலும் இதே கதைதான். பத்திரிகை அச்சுக்குப் போயாயிற்று, பெரியப்பா வந்து உட்கார்ந்துகொண்டார், சம்பந்தி வீட்டு மாமா பேர் விட்டுப்போச்சு, ஒரே ஒரு வரி, சேர்த்தால் என்ன குறைந்துபோய்விடும் என்று. வேண்டாம் பெரியப்பா, முடிச்சாச்சு என்று சொன்னது பதினாறு வயசு மேனகா மட்டும்தான், உனக்கு என்னடி தெரியும் என்று எல்லாரும் ஒரே குரலில். மாமா பேர் வந்தது. அதைச் சேர்க்கப் போன அவசரத்தில் முகூர்த்த நேரத்தில் ஆறு எட்டாகிவிட்டது, பாதி ஊர் தாலி கட்டி முடித்த பிறகு பட்டுப்புடவை சரசரக்க மண்டபத்துக்குள் வந்தது. அன்றைக்காவது யாராவது அவளைப் பார்த்து, நீ அப்பவே சொன்ன என்று சொன்னார்களா? பெரியப்பா சாம்பார் நன்றாக இருக்கிறது என்றார்... பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன், போறேன் சார் போறேன், என்ன அவசரம், எல்லாருக்கும் அவசரம்.

ரிலீஸ் பொறுப்பு அவளுடையது, ஃப்ளோரான் சேர்த்ததைத் திரும்ப எடுத்துவிட மேனகாவுக்கு உரிமை இருந்தது, லேபில் உட்கார்ந்தபடியே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அவர் வாயால் கேட்க வேண்டும், தப்பு என்று, ஒரு தடவையாவது. எப்போதும் போல பிரான்ஸில், லியோனில் இருந்தால் போனில் கத்திவிட்டுப் போகலாம், ஆள் இப்போது வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, ஊருக்கு வந்து அம்மா வீட்டில்தான் இருக்கிறார், புஸ்ஸி வீதியில், நேராகப் போய் நிற்கலாம். நின்றாள். கதவைத் திறந்தது ஃப்ளோரானின் அம்மா ஜோசெத். "வாம்மா மேனகா, மொகமெல்லாம் செவந்து கெடக்குது, உக்காரு, சிரோ கலக்கித் தரேன்." சண்டை போட வந்த இடத்தில் ரோஸ் கலர் சர்பத்தை எப்படி வேண்டாம் என்பது, குடித்தாள், இனிப்பு கோபத்தைக் கலைத்துவிடுமோ என்று பயமாகக்கூட இருந்தது. கலைக்கவில்லை. ஃப்ளோரான் அரைக்கால் சட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார், அவளைப் பார்த்ததும் சிரித்தார், அந்தச் சிரிப்பு போதும்.

"நீங்களே ஓகேன்னு போட்டீங்க, நீங்களே ஒடைக்கிறீங்க. அப்புறம் தேதின்னு ஒண்ணு எதுக்கு ஃப்ளோரான்?"

"ஒடைக்கல மேனகா. கையால எழுதின போர்டையும் படிக்குது இப்ப. ஸ்பேர் பஸ்ஸுல அட்டையில எழுதி சொருவுறான் பாரு, அது. எத்தினி வருஷமா கேக்குறாங்க."

"எத்தினி வருஷமா கேக்குறாங்கன்னா, வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி குடுத்திருக்கணும். இப்ப யாரு அத சோதிக்கிறது? வியாழக்கிழமை வெளியில போவுது. தப்பா சொன்னா யாரு தெருவுல நிக்கிறது, நீங்களா? சரிதா நின்னாளே, மறந்துட்டீங்களா?"

ஃப்ளோரான் அம்மாவைப் பார்த்தார், அம்மா ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னார், "சரிதாதான் கேட்டா, மேனகா. போன வாரம். சோதிக்கச் சொல்லி அவளுக்குத்தான் குடுத்தேன்."

பொய். பொய்யாக இல்லாவிட்டாலும் திருப்பிச் சொல்கிறார், சரிதா ஏதோ பேச்சுக்குக் கேட்டிருப்பாள், இவர் அதைப் பிடித்துக்கொண்டு... மேனகா அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள், கேட்கட்டும், இவர் காதாலேயே கேட்கட்டும். சரிதா கோரிமேட்டில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா, கல்லூரியில் மேனகாவோடு ஒரே பெஞ்சு, இந்த நேரத்துக்கு டீ குடித்துக்கொண்டிருப்பாள். விஷயத்தைச் சொன்னாள், சொல்லும்போதே வார்த்தையில் அவளுக்கு வழி போட்டுக் கொடுத்தாள், உன்ன அன்னைக்கி எப்படி நிக்க வெச்சாங்க, ஞாபகம் இருக்குதில்ல, அதே மாதிரி இப்பவும்... அந்தப் பக்கம் டம்ளர் வைக்கும் சத்தம்.

"கேட்டது நான்தான் மேனகா. ரெண்டு நாளா அதத்தான் வெச்சிருக்கேன், நல்லாத்தான் இருக்குது."

"ரெண்டு நாள் போதாது சரிதா. அன்னைக்கி மழையில..."

"அத விடேன். எந்தக் கூட்டத்துல பாரு, சரிதா அழுதா, சரிதா அழுதா. நான் எங்க அழுதேன்? கம்பெனி விட்டு வந்த அக்கா ஒருத்தங்க கையப் புடிச்சி பஸ் ஏத்தி உட்டாங்க. ஸ்டாப்புக்கு வர்ற வழியெல்லாம் அவங்க மருமவளப் பத்தியே பேசிக்கினு வந்தாங்க, எனக்குச் சிரிப்புதான் வந்துது. நீ ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டியா, என்னா நடந்துதுன்னு? என்ன வெச்சி எல்லார் வாயையும் அடைக்கிற."

ஃப்ளோரான் எழுந்து உள்ளே போய்விட்டார், நல்ல மனுஷன், அதுவும் ஒரு அவமானம். ஜோசெத் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா என்றாள். வேண்டாம்மா, வரேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகும் ஸ்கூட்டர் சாவி எந்தப் பையில் என்று தெரியவில்லை. அழவில்லையாம். சிரித்தாளாம். அப்படியென்றால் இத்தனை நாளும் மேனகா மனசுக்குள் மழையில் நின்றது யார்... இருக்கட்டும், அழாவிட்டால் பலகை படித்தது சரியாகிவிடுமா? ஏழு ஒன்று ஆகிவிடுமா? அந்த அக்கா அன்றைக்கு வராமல் போயிருந்தால்? யாராவது கையைப் பிடித்து ஏற்றிவிடுவார்கள் என்று நம்பியா ஒரு செயலியை வெளியே விடுவது, அதற்குச் செயலி எதற்கு, அக்காக்களே போதுமே. சரிதாவுக்கும் சேர்த்துக் கோபம் வந்தது இப்போது, யாருக்காகக் கத்துகிறாளோ அவளே எதிர்க்கட்சியில் போய் உட்கார்ந்தால் கத்துகிறவள் என்ன செய்வாள்? சோதிக்கவில்லை என்றுதானே சொன்னேன், சோதித்துவிட்டால் போயிற்று, இதோ, இப்போதே, என் கண்ணால்.

பஸ் ஸ்டாண்டில் சாயங்காலக் கூட்டம் தொடங்கியிருந்தது. ஃப்ளோரான் சேர்த்த பதிப்பைப் போனில் ஏற்றிக்கொண்டு தூணோரமாக நின்று ஒவ்வொரு பஸ்ஸாகப் பிடித்தாள், அச்சடித்த போர்டுகளை விட்டுவிட்டு அட்டைகளைத் தேடித் தேடி. சாக்பீஸில் எழுதியது, கடலூர் என்றது, கடலூர்தான். மார்க்கரில் கோணலாக எழுதி வைப்பருக்குள் செருகியது, விழுப்புரம், அதுவும் சரி. நெட்டப்பாக்கம், ஒரு எழுத்து பாதி அழிந்துகூட இருந்தது, திக்காமல் சொல்லிற்று. சரியாகச் சொல்லச் சொல்ல அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது, கிட்டே போனாள், தள்ளிப் போனாள், வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற இடமாகப் பார்த்து நின்றாள், அப்போதும் சரி. கடலைக்காரர் ஒருத்தர், "இன்னாம்மா, வீடியோவா?" என்றார், இல்லண்ணா, வேலை என்றாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் பாவி மனுஷன். நன்றாக எழுதினால் தேதி கிடையாதா? அப்போது ஒரு பழைய பஸ் திரும்பி வந்து நின்றது, முன் கண்ணாடியில் மஞ்சள் அட்டை, நீல மையில் திருபுவனை. பிடித்தாள். திருக்கனூர் என்றது போன்.

இன்னொரு தடவை பிடித்தாள். திருக்கனூர். மூன்றாவது தடவையும் அதே தெளிவான பெண்குரல், சந்தேகமே இல்லாமல், திருக்கனூர், திருக்கனூர். ரெண்டும் வேறு வேறு ரோடு, ஏறினவள் இறங்கும்போது எங்கே இருப்பாள்... மேனகா அங்கேயே நின்று சரிதாவின் நம்பரை அமுக்கினாள்.

"சரிதா, கேளு, திருபுவனைய திருக்கனூர்னு சொல்லுது. மூணு தடவ! மூணு தடவையும் தப்பு! நான் சொன்னனா இல்லியா?"

"அய்யோ," என்றாள் சரிதா. "நாளைக்கி அந்தப் பக்கந்தான் போவலாம்னு இருந்தேன். நல்ல வேள பாத்த. எடுத்துடு மேனகா, அடுத்ததுல வரட்டும்." அப்புறம், கோபமில்லாமல், தெரிந்துகொள்ளக் கேட்பது போலவே கேட்டாள், "அதுக்கு ஏன் இவ்ளோ சந்தோஷமா சொல்ற?"

சந்தோஷமா, எனக்கா, இல்லையே, என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு பஸ் ஹாரன் அடித்து அந்தச் சத்தத்தை மூடியது, பெறவு பேசுறேன், ஆபீஸர் கூப்புடுறாரு என்று சரிதா வைத்துவிட்டாள். தூணில் சாய்ந்தபடியே மேனகா ஃப்ளோரான் சேர்த்ததைத் திரும்ப எடுத்தாள், காரணம் எழுதும் கட்டத்தில் 'கையெழுத்துப் பலகையில் ஊர்ப் பெயர் மாறுகிறது, ரிலீஸுக்குப் பிறகு பார்க்கலாம்' என்று எழுதினாள், ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ரெண்டு நிமிஷத்தில் ஃப்ளோரானிடமிருந்து பதில் வந்தது. நீ சொன்னதுதான் சரி, மன்னிச்சிடு, அவசரப்பட்டுட்டேன். கேட்க வேண்டும் என்று ஊரைத் தாண்டி வந்தாளே, அதேதான், எழுத்திலேயே வந்துவிட்டது, இனி பூட்டுப் படம் போட்டவன்கூட வாயைத் திறக்க மாட்டான். ஆனால் அந்தப் போன் முதல் தடவை திருக்கனூர் என்றபோது உள்ளே குதித்தது என்ன? கண் தெரியாத ஒருத்தி தப்பான பஸ்ஸில் ஏறுவாள் என்று தெரிந்த நிமிஷத்தில், அய்யோ என்று வரவில்லையே, சரிதாவுக்கு வந்ததே அந்த அய்யோ, எனக்கு ஏன் வரவில்லை... கிடைச்சிடுச்சு என்றல்லவா வந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் ஓடி வந்து, "யக்கா, இது திருபுவனை போவுதா?" என்று கேட்டாள். போவும், ஏறு, ஏறு என்றாள் மேனகா, அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தையின் தலையைத் துடைத்துவிடுவது தெரிந்தது. பஸ் நகர்ந்தது. செய்தது சரிதான், அதில் ஒன்றும் இல்லை, இன்னொரு தடவை வந்தாலும் இதையேதான் செய்வாள், நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், அந்தக் குதிப்பு இன்னும் அடங்கவில்லை, அதை யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.