மூன்றாவது டிஸ்க்

கோயமுத்தூர் கணபதியில் டிசைன் சென்டர் நடத்திவந்த கோமளாவுக்கு 1999ஆம் வருஷத்து ஐப்பசி மழையைவிடப் பெரிய ரோதனை அவளுடைய கம்ப்யூட்டர்தான். கருமத்தம்பட்டித் தறிகளுக்கு அவள் வரைந்த பெட்ஷீட் டிசைன்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. மூன்று டிஸ்குகளை லினக்ஸ் மென்பொருளால் கோத்து, ஒரே டிஸ்க் போல ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று படுத்தால் மற்ற இரண்டும் தாங்கிக்கொள்ளும். இரண்டு படுத்தால் எல்லாம் போச்சு.

காலையில் சுவிட்சைப் போட்டால் மூன்றாவது டிஸ்க் மட்டும் வராது. மறுபடி போட்டால் சாதுவாக வந்து நிற்கும். ஆனால் விட்டுப்போனதையெல்லாம் மற்ற இரண்டிலிருந்தும் அதில் நிரப்பி முடிப்பதற்குள் மதியமாகிவிடும். மறுநாளும் இதே கதை.

டிஸ்குகளை விற்ற சிக்கந்தரைப் போனில் பிடித்தாள்.

“ஏனுங்க பாய், ஓட்டை டிஸ்க்கை என்ற தலையில கட்டிப்போட்டீங்களே, நியாயமுங்களா?”

“டிஸ்க் நல்ல டிஸ்க்குங்க அம்மணி. இருங்க, நானே வாரேன்.”

தொப்பலாக நனைந்து மொபட்டில் வந்து இறங்கினார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டும் அதையேதான் சொன்னார். கோமளாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

“அப்ப மொத டிஸ்க்குக்குப் போற கரண்ட் ஒயரை இதுக்கு மாட்டுங்க. இதோட ஒயரை அதுக்கு மாட்டுங்க. தெரிஞ்சுபோயிரும்.”

மாட்டினார். சுவிட்சைப் போட்டாள். மூன்றாவது டிஸ்க் ஜோராக வந்தது. முதல் டிஸ்க்கைக் காணோம்! மூன்றாவதில் இருந்ததோ அன்று இன்னும் நிரப்பாத பழைய விவரம்; ஆக, இரண்டு படுத்த கணக்குதான். டிசைன்கள் எதுவுமே திறக்கவில்லை. கோமளா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்து உழைப்பு கண்ணுக்குள் ஓடியது.

சிக்கந்தரோ கைதட்டிச் சிரித்தார். அவளுக்கு அவரை அறையலாம்போல் இருந்தது.

“டிசைன் எங்கயும் போகலீங்க அம்மணி. ஒயர் போற பக்கமே வியாதியும் போகுது பாருங்க!”

அந்த ஒயரின் பிளக்கை உருவிக் காட்டினார். உள்ளே தகடு தளர்ந்து கறுத்திருந்தது. “மூணும் ஒண்ணாச் சுத்தக் கெளம்பறப்ப இதுல கரண்ட் பத்தறதில்லீங்க. இதுல மாட்டுன டிஸ்க் மெதுவா எந்திரிக்குது. கம்ப்யூட்டர் காத்திருக்காம அதை உட்டுப்போட்டுக் கெளம்பிருது.”

புது ஒயர் மாட்டியதும் முதல் டிஸ்க் வந்துவிட்டது. டிசைன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூன்றாவது டிஸ்க் மெல்ல நிரம்பத் தொடங்கியது. கோமளா துண்டும் சூடான காப்பியும் கொண்டுவந்து நீட்டினாள்.

“போன்ல கன்னாபின்னானு பேசிப்போட்டேனுங்க பாய். மனசுல வெச்சுக்காதீங்க.”

“அட, ஒயரை மாத்தச் சொன்னதே நீங்கதானுங்களே! நான் இன்னும் டிஸ்க்கு நல்ல டிஸ்க்குன்னு சொல்லீட்டே உக்காந்திருப்பேன்.”

மறுநாள் காலை சிக்கந்தர் கடையில் போன் அடித்தது. அவர் சற்றுத் தயங்கித்தான் எடுத்தார்.

“மூணும் வந்துருச்சுங்க பாய்!” என்றாள் கோமளா, தெருவுக்கே கேட்கும்படி.